யூரின் இன்பெக்ஷன் திரும்பத் திரும்ப வருதா? பழங்கள் எந்த அளவுக்கு உதவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தடவை வந்துட்டு போனா பரவாயில்ல, ஆனா சில பேருக்கு இது வந்துட்டேதான் இருக்கும், ஒவ்வொரு தடவையும் எரிச்சல், அடிவயித்து வலி, ராத்திரி தூக்கம் போச்சு, மறுபடி டெஸ்ட், மறுபடி ஆன்டிபயாடிக். அப்படி அவஸ்தைப்படறவங்க கிட்ட யாராவது கிரான்பெர்ரி (புளிப்பும் துவர்ப்புமா இருக்கற ஒரு சின்ன சிவப்புப் பழம்) ஜூஸ் குடிங்க எல்லாம் சரியாயிடும்னு சொல்லிட்டு போயிடறாங்க. எவ்வளவு குடிக்கணும், யாருக்கு வேலை செய்யும், யாருக்கு செய்யாது, எப்போ அதை நம்பிட்டு இருக்கக் கூடாது, இதையெல்லாம் யாரும் உக்காந்து சொல்றதில்ல. அதுக்காகத்தான் இந்தப் பக்கம். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், பழத்துல இருக்கற சில பொருட்கள் இன்பெக்ஷன் வராம தடுக்க சில பேருக்கு நிஜமாவே உதவுது, ஆனா வந்துட்ட இன்பெக்ஷனை அது குணப்படுத்தாது. கீழ வர்ற எந்த பதிலைப் படிச்சாலும் இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

யூரின் இன்பெக்ஷன் எப்படி வருது?

பெரும்பாலும் நம்ம குடல்லயே இருக்கற ஈ.கோலைங்கற பாக்டீரியாதான் காரணம், சாதாரணமா வர்ற இன்பெக்ஷன்ல நாலுல மூணு பங்குக்கு மேல இதோட வேலைதான். குடல்ல இருக்கற வரைக்கும் பெருசா தொல்லை இல்ல, வெளியில வந்து யூரின் போற குழாய் வழியா மேல ஏறி ப்ளாடருக்குள்ள, அதாவது சிறுநீர்ப்பைக்குள்ள போய் உக்காந்துக்கிட்டா அப்போதான் பிரச்சினை. பெண்களுக்கு அந்த குழாய் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு அதை விட பல மடங்கு நீளம், அதனாலதான் பெண்களுக்கு இவ்வளவு அதிகமா வருது, ஏறக்குறைய பாதிப் பெண்களுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது வந்துடுது. இதுல சுத்தமா இல்லாததால வந்துச்சுன்னு ஒருத்தர் மேல பழி போடறது ரொம்ப தப்பு. நல்லா சுத்தமா இருக்கறவங்களுக்கும் வரும், உடம்போட அமைப்பு அப்படி.

எத்தனை தடவை வந்தா "அடிக்கடி வருது"ன்னு எடுத்துக்கணும்?

ஆறு மாசத்துல 2 தடவை, இல்லன்னா ஒரு வருஷத்துல 3 தடவை. டாக்டருங்க வெச்சிருக்கற கணக்கு இதுதான். தடுப்பு வழிகளைப் பத்தி சீரியஸா யோசிக்க வேண்டியது இந்தக் கட்டத்துலதான்.

யூரின் போகும்போதே கிருமியும் அடிச்சுட்டு போயிடாதா?

போகணும், போறதும் உண்டு, உடம்போட முதல் பாதுகாப்பே அதுதான். ஆனா ஈ.கோலையோட உடம்பைச் சுத்தி மெல்லிசா முடி மாதிரி நூத்துக்கணக்குல நீட்டிக்கிட்டு இருக்கும், ஃபிம்ப்ரியான்னு பேரு. ஒவ்வொரு முடியோட நுனியிலயும் ஃபிம்-எச்ங்கற ஒரு புரதம் இருக்கு. ப்ளாடரோட உள்பக்கச் சுவர்ல இருக்கற செல்கள் மேல மேனோஸ்ங்கற ஒரு சர்க்கரை ஒட்டிக்கிட்டு இருக்கும், அந்த சர்க்கரையைத்தான் ஃபிம்-எச் கப்புன்னு பிடிச்சுக்குது. இதுல என்ன அதிசயம்னா யூரின் வேகமா ஓடி அதை இழுக்க இழுக்க பிடி தளராது, இன்னும் இறுகும், சுருக்கு முடிச்சை இழுத்தா இறுகுமே அதே மாதிரி. நாம யூரின் போற நேரத்துலதான் அது நல்லா பிடிச்சுக்கிட்டு இருக்கு, ஓட்டம் நின்ன உடனே பிடியை லேசா தளர்த்தி சுவர் மேல நகர ஆரம்பிக்குது. அதோட நிக்கறதும் இல்ல, சில கிருமிங்க செல்லுக்கு உள்ளயே புகுந்து கூட்டமா பெருகி பதுங்கிக்கும், ஆன்டிபயாடிக் முடிச்சதுக்கு அப்புறமும் திரும்ப வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இது தவிர பி-ஃபிம்ப்ரியான்னு இன்னொரு வகை பிடியும் உண்டு, கிட்னி வரைக்கும் ஏறிப் போற கிருமிங்க கிட்ட அது அதிகமா இருக்கும்.

அதனால ஒட்டறதை மட்டும் தடுத்துட்டா போதும், கிருமியைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்ல, யூரினோட தானா வெளியில போயிடும். பழம் வர்றது இந்த இடத்துலதான்.

சரி, பழத்துல அப்படி என்ன இருக்கு?

முக்கியமானது ப்ரோஆந்தோசயனிடின், சுருக்கமா பி.ஏ.சி.ன்னு சொல்வாங்க. பழத்துல துவர்ப்பு தெரியுது இல்லையா, அதுக்குக் காரணமான டானின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதுலயே ஏ-டைப், பி-டைப்னு ரெண்டு இருக்கு, ரெண்டுத்துக்கும் மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக்கற விதம்தான் வித்தியாசம், ஏ-டைப்ல ஒரு கூடுதல் பிணைப்பு இருக்கும். கிரான்பெர்ரில நிறைய இருக்கறது இந்த ஏ-டைப். லேப்ல பாத்தப்போ பி-ஃபிம்ப்ரியா இருக்கற ஈ.கோலை செல்லுல ஒட்டறதை இது தடுக்குது.

இந்த இடத்துக்கு வந்து சேர ரொம்ப காலம் ஆச்சு. 1914-ல ப்ளாதர்விக்ங்கறவர் கிரான்பெர்ரி சாப்பிட்டா யூரின்ல அமிலத்தன்மை கூடுதுன்னு எழுதினார், அதுலேர்ந்து பல வருஷம் அமிலம்தான் கிருமியைக் கொல்லுதுன்னு நம்பிட்டு இருந்தாங்க. ஆனா சாதாரணமா ஒருத்தர் குடிக்கற அளவு ஜூஸால கிருமி சாகற அளவுக்கு யூரின் அமிலமா மாறறதில்லன்னு பின்னாடி தெரிய வந்துச்சு. 1984-ல சொபோட்டாங்கறவர் ஜூஸ் கிருமி ஒட்டறதைத் தடுக்குதுன்னு காட்டினார். 1991-ல ஓஃபெக் குழு ஏழு ஜூஸை வெச்சு சோதனை பண்ணாங்க. 1998-ல ஏமி ஹவெல் குழு அந்த ஒட்ட விடாத பொருள் ப்ரோஆந்தோசயனிடின்தான்னு அடையாளம் காட்டினாங்க. இன்னமும் சில இடத்துல "யூரினை அமிலமாக்கும்"னு எழுதி வெச்சிருக்காங்க, அதை விட்டுடுங்க.

எல்லா பழத்துலயும் இது இருக்கா? திராட்சை, ஆப்பிள், ஆரஞ்சு சாப்பிட்டா போதாதா?

இல்ல. மேல சொன்ன 1991 சோதனைல கிரான்பெர்ரி, ப்ளூபெர்ரி, மாம்பழம், கொய்யா, ஆரஞ்சு, அன்னாசி, கிரேப்ஃப்ரூட் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க. அதுல பி-ஃபிம்ப்ரியாவைத் தடுக்கற பெரிய மூலக்கூறு கிரான்பெர்ரிலயும் ப்ளூபெர்ரிலயும் மட்டும்தான் இருந்துச்சு, ரெண்டும் ஒரே செடிக் குடும்பம். திராட்சை, ஆப்பிள், டார்க் சாக்லேட், க்ரீன் டீ இதுலல்லாம் ப்ரோஆந்தோசயனிடின் உண்டு, ஆனா பி-டைப். 2005-ல வந்த ஒரு ஆய்வுல இதையெல்லாம் சாப்பிட்டவங்களோட யூரினை எடுத்துப் பாத்தாங்க, கிரான்பெர்ரி சாப்பிட்டவங்க யூரின் மட்டும்தான் கிருமி ஒட்டறதைத் தடுத்துச்சு, மத்ததுல அந்த குணம் வரல.

ப்ளூபெர்ரி பத்தி மனுஷங்க கிட்ட செஞ்ச பெரிய ஆய்வுகள் ரொம்ப கம்மி. லிங்கன்பெர்ரின்னு இன்னொண்ணு இருக்கு, அதுவும் இதே குடும்பம்தான். 2001-ல ஃபின்லாந்துல 150 பெண்களை வெச்சு கிரான்பெர்ரியும் லிங்கன்பெர்ரியும் கலந்த ஜூஸ் தினமும் 50 மில்லி ஆறு மாசம் கொடுத்துப் பாத்தாங்க, ஜூஸ் குடிச்சவங்கள்ல 16 சதவீதம் பேருக்கு மறுபடி இன்பெக்ஷன் வந்துச்சு, எதுவும் எடுக்காதவங்கள்ல 36 சதவீதம் பேருக்கு வந்துச்சு.

மத்த பழங்கள் வேஸ்ட்னு அர்த்தம் இல்ல, தண்ணிச்சத்தும் நார்ச்சத்தும் கிடைக்குது, மலச்சிக்கல் இல்லாம இருக்கும், அதுவும் இந்தப் பிரச்சினைக்கு நல்லதுதான். ஆனா கிரான்பெர்ரிக்கு பதிலா ஆரஞ்சு ஜூஸ்னு மாத்திக்க முடியாது.

ஃப்ரக்டோஸ்ங்கற பழச் சர்க்கரையும் கிருமி ஒட்டறதைத் தடுக்கும்னு படிச்சேன், அது எல்லா பழத்துலயும் இருக்கே?

லேப்ல தடுக்குது, உண்மைதான். ஆனா நாம சாப்பிடற ஃப்ரக்டோஸை ஈரல் எடுத்து கரைச்சுடும், யூரினுக்கு வந்து சேர்றதே இல்லன்னு சொல்லலாம். கண்ணாடிக் குடுவைல நடந்தது ப்ளாடர்லயும் நடக்கும்னு எடுத்துக்க முடியாது.

அப்போ பி.ஏ.சி. மட்டும் ப்ளாடர் வரைக்கும் போய் சேருதா?

நல்ல கேள்வி. பெரிய மூலக்கூறுங்கறதால அது அப்படியே ரத்தத்துல கலக்கறது ரொம்பக் கம்மி. பெருங்குடல் வரைக்கும் போய் அங்க இருக்கற நல்ல பாக்டீரியாங்க அதை சின்னச் சின்னதா உடைக்குது, அப்படி உடைஞ்சு வர்ற பொருட்கள் ரத்தத்துல ஏறி யூரின்ல வருது, அதுக்கும் ஒட்ட விடாத குணம் இருக்குன்னு லேப்ல பாத்திருக்காங்க. உடையாத மீதி குடல்லயே இருந்து அங்க இருக்கற ஈ.கோலை மேல வேலை செய்யலாம்னும் ஒரு கருத்து இருக்கு. ஒவ்வொருத்தர் குடல்லயும் இருக்கற பாக்டீரியா கூட்டம் வேற வேற, அதனால ஒரே மாத்திரை ஒருத்தருக்கு பலன் தர்றதும் இன்னொருத்தருக்கு ஒண்ணுமே செய்யாததும் ஆச்சரியப்பட வேண்டிய விஷயம் இல்ல.

ஆய்வுகள் என்னதான் சொல்லுது? ஒரு வருஷம் வேலை செய்யுதுங்கறாங்க, அடுத்த வருஷம் இல்லங்கறாங்க.

இந்தக் குழப்பம் நியாயமானதுதான், ஏன்னா முடிவே மாறியிருக்கு. 1994-ல 153 வயசான பெண்களுக்கு தினமும் 300 மில்லி கிரான்பெர்ரி ஜூஸ் கொடுத்து ஆறு மாசம் பாத்தாங்க, யூரின்ல கிருமியும் சீழ் செல்லும் சேர்ந்து இருக்கறது ஜூஸ் குடிச்சவங்க சாம்பிள்ல 15 சதவீதம், குடிக்காதவங்க சாம்பிள்ல 28 சதவீதம். எல்லாருக்கும் பெரிய நம்பிக்கை வந்துச்சு. அப்புறம் 2012-ல காக்ரேன் அமைப்பு அது வரைக்கும் வந்த 24 ஆய்வுகளை, மொத்தம் 4473 பேரோட விவரத்தை, ஒண்ணா சேர்த்துப் பாத்துட்டு குறிப்பிடற மாதிரி பலன் இல்லன்னு சொல்லிடுச்சு. நிறைய டாக்டருங்க அதோட கிரான்பெர்ரியை கை கழுவிட்டாங்க.

2023-ல அதே காக்ரேன் மறுபடி 50 ஆய்வுகளை, 8857 பேரை, எடுத்துக்கிட்டு உக்காந்தாங்க. இந்தத் தடவை முடிவு வேற. அடிக்கடி இன்பெக்ஷன் வர்ற பெண்களுக்கு வர்ற அபாயம் சுமார் 26 சதவீதம் குறையுது, குழந்தைகளுக்கு 54 சதவீதம், ஏதாவது சிகிச்சை காரணமா இன்பெக்ஷன் வர வாய்ப்பு இருக்கறவங்களுக்கு 53 சதவீதம். அதே சமயம் முதியோர் இல்லங்கள்ல இருக்கற வயசானவங்க, கர்ப்பிணிங்க, நரம்புப் பிரச்சினையால ப்ளாடர் முழுசா காலியாகாதவங்க, இந்த மூணு கூட்டத்துக்கும் பலன் தெரியல. இதை ரொம்ப முக்கியமா கவனிக்கணும், "கிரான்பெர்ரி வேலை செய்யுமா"ங்கற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, யாருக்குங்கறதைச் சேர்த்துக் கேட்டாதான் பதில் வரும்.

26 சதவீதம்னா கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. 100 பேர்ல 50 பேருக்கு மறுபடி வரும்னு வெச்சுக்கிட்டா இதை எடுத்தா சுமார் 37 பேருக்கு வரும். 13 பேர் தப்பிச்சாங்க, அது சின்ன விஷயம் இல்ல, ஆனா அந்த 37 பேர்ல நாமளும் ஒருத்தரா இருக்கலாம்.

முடிவு ஏன் இப்படி மாறிச்சு?

ஒண்ணு, ஆய்வுகளோட எண்ணிக்கை இரட்டிப்பாச்சு. ரெண்டு, ஒவ்வொரு ஆய்வுலயும் கொடுத்த பொருளே வேற, ஒண்ணுல ஜூஸ், ஒண்ணுல மாத்திரை, ஒண்ணுல பொடி, பல ஆய்வுல பி.ஏ.சி. எவ்வளவு இருந்துச்சுன்னு அளந்தே பாக்கல. மூணாவது, ஜூஸ் ஆய்வுகள்ல பாதியிலயே நிறுத்திட்டவங்க அதிகம். தினமும் அந்தப் புளிப்பை மாசக் கணக்குல குடிக்கறது கஷ்டம்தான், அதனால எழுதி வெச்ச அளவு உள்ள போகவே இல்ல.

யார் பணம் போட்டு ஆய்வு நடத்தினாங்கன்னும் பாக்கணும். 2016-ல 373 பெண்களை வெச்சு தினமும் 240 மில்லி கொடுத்த ஒரு ஆய்வுல கிரான்பெர்ரி ஜூஸ் கூட்டத்துல மொத்தம் 39 இன்பெக்ஷன், இன்னொரு கூட்டத்துல 67-னு வந்துச்சு, அதுக்கு பணம் கொடுத்தது கிரான்பெர்ரி ஜூஸ் விக்கற ஓஷன் ஸ்ப்ரே. அதுக்காக முடிவு பொய்னு ஆயிடாது, ஆனா படிக்கறவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும். அதே வருஷம் முதியோர் இல்லங்கள்ல 185 பெண்களுக்கு ஒரு வருஷம் தினமும் 72 மில்லிகிராம் பி.ஏ.சி. இருக்கற கேப்ஸ்யூல் கொடுத்து செஞ்ச ஆய்வுல வித்தியாசமே தெரியல.

தினமும் எவ்வளவு எடுக்கணும்?

பி.ஏ.சி. அளவு 36 மில்லிகிராம்ங்கறதுதான் பரவலா சொல்ற கணக்கு. 2010-ல நாலு நாட்டு ஆட்களோட யூரினை வெச்சு செஞ்ச சோதனைல 36 மில்லிகிராம் எடுத்த சில மணி நேரத்துல ஒட்ட விடாத தன்மை வந்துச்சு, ஆனா 24 மணி நேரம் கழிச்சுப் பாத்தா குறைஞ்சிருந்துச்சு, 72 எடுத்தா இன்னும் நல்லா நின்னுச்சு. அதனால ஒரே வேளையா எடுக்கறதை விட காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு பிரிச்சு எடுக்கறது எனக்கு சரின்னு படுது.

அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல ஒரு அனுமதி கொடுத்துச்சு. குறைஞ்சது 27 சதவீதம் கிரான்பெர்ரி ஜூஸ் இருக்கற பானம் தினமும் சுமார் 240 மில்லி, இல்லன்னா 500 மில்லிகிராம் கிரான்பெர்ரிப் பழப் பொடி, இது ஏற்கெனவே இன்பெக்ஷன் வந்த ஆரோக்கியமான பெண்களுக்கு திரும்ப வர்ற அபாயத்தைக் குறைக்கலாம்னு லேபிள்ல போட்டுக்கலாம், ஆனா ஆதாரம் குறைவுங்கறதையும் கூடவே போடணும்.

மாத்திரை டப்பால என்ன பாத்து வாங்கணும்?

இதுல நிறைய பேர் ஏமாந்துடறாங்க, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். டப்பாவோட முன்பக்கம் பெருசா "கிரான்பெர்ரி 500 மில்லிகிராம்"னோ 10,000 மில்லிகிராமுக்கு சமம்னோ போட்டிருக்கும். அது பழத்தோட எடை, இல்லன்னா எத்தனை பழத்தைக் காய வெச்சு எடுத்ததுங்கற கணக்கு. அந்த நம்பரை வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. டப்பாவைத் திருப்பி பின்பக்கம் சின்ன எழுத்துல பி.ஏ.சி. இல்லன்னா ப்ரோஆந்தோசயனிடின்னு எத்தனை மில்லிகிராம்னு தனியா போட்டிருக்கான்னு பாருங்க. போட்டிருந்தா அதை எந்த முறைல அளந்தாங்கன்னும் பாருங்க, டி.மேக்னு ஒரு சோதனை முறை இருக்கு, 36 மில்லிகிராம்ங்கற கணக்கே அந்த முறைல வந்ததுதான். வேற முறைல அளந்தா அதே பொடிக்கு பெரிய நம்பர் காட்டும். இன்னொண்ணு, ஜூஸ் பிழிஞ்சதுக்கு அப்புறம் மிச்சமாகற தோலும் சக்கையும் அரைச்ச பொடியும் கிரான்பெர்ரின்னுதான் விக்குது, அதுல கரையக்கூடிய பி.ஏ.சி. கம்மியா இருக்கும். பி.ஏ.சி. அளவே போடாத டப்பாவை நான் வாங்க மாட்டேன்.

ஜூஸ் நல்லதா மாத்திரை நல்லதா? காய்ஞ்ச பழம் சாப்பிடலாமா?

ஜூஸ்ல தண்ணியும் சேர்ந்து போகுது, அது நல்லது. ஆனா கிரான்பெர்ரி இயற்கையாவே பயங்கர புளிப்பு, துவர்ப்பு, அதனால பாட்டில்ல வர்றதுல சர்க்கரையைக் கொட்டியிருப்பாங்க, "காக்டெயில்"னு போட்டிருந்தா உள்ள நாலுல ஒரு பங்குதான் ஜூஸ், மீதி தண்ணியும் சர்க்கரையும். தினமும் மாசக் கணக்குல குடிக்கப் போறோம்ங்கறதால சர்க்கரை நோய் இருக்கறவங்க இதை விட்டுட்டு மாத்திரைக்குப் போறதுதான் புத்திசாலித்தனம். காய்ஞ்ச பழத்துலயும் இனிப்பு சேர்த்ததுதான் பெரும்பாலும் கிடைக்கும், சாப்பிட நல்லா இருக்கும், தடுப்புக்குன்னு நம்பி இருக்க முடியாது.

இப்போ எரிச்சல் ஆரம்பிச்சுடுச்சு, ஜூஸ் குடிச்சா சரியாயிடுமா?

ஆகாது. தயவு செஞ்சு இதை நம்பி நாள் கடத்தாதீங்க. கிருமி ஒட்டி, பெருகி, செல்லுக்குள்ளயும் புகுந்ததுக்கு அப்புறம்தான் எரிச்சலே தெரியுது, அந்த நேரத்துல ஒட்ட விடாத பொருளைக் கொடுத்து என்ன பிரயோஜனம். டாக்டரைப் பாருங்க, ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யூரின் கல்ச்சர் கொடுங்க, முதல்ல வர்ற யூரினை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிச்சுக் கொடுக்கணும், அப்போதான் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு கட்டுப்படும்னு சரியா தெரியும்.

குளிர் காய்ச்சல், இடுப்புக்கு மேல முதுகோட ஒரு பக்கம் வலி, வாந்தி, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, கிட்னிக்கு ஏறியிருக்கலாம். யூரின்ல ரத்தம் தெரிஞ்சாலும் காட்டாம விடக் கூடாது.

டி-மேனோஸ் பொடி நல்லா வேலை செய்யுதுன்னு சொல்றாங்களே?

இதோட தத்துவம் அழகானது. கிருமி பிடிக்கற சர்க்கரையே மேனோஸ்தான், அதே சர்க்கரையை யூரின்ல மிதக்க விட்டா கிருமி சுவரை விட்டுட்டு அதைப் பிடிச்சுக்கும், யூரினோட போயிடும். ஆப்பிள், பீச், கிரான்பெர்ரி மாதிரி பழங்கள்ல இது கொஞ்சூண்டு இருக்கு, பொடியா வர்றதுல கிராம் கணக்குல இருக்கும், உடம்பு இதை பெருசா பயன்படுத்திக்காம யூரின்ல அனுப்பிடும். 2014-ல 308 பெண்களை வெச்சு வந்த ஆய்வுல தினமும் 2 கிராம் எடுத்தவங்கள்ல 15 சதவீதம் பேருக்குத்தான் திரும்ப வந்துச்சு, எதுவும் எடுக்காதவங்கள்ல சுமார் 61 சதவீதம். உலகம் முழுக்க இது விக்க ஆரம்பிச்சதுக்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம், ஆனா அதுல போலி மருந்து (மருந்தே இல்லாம, பாக்க மட்டும் அதே மாதிரி இருக்கறது) வெச்சு ஒப்பிடல, யார் என்ன எடுக்கறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

2024-ல பிரிட்டன்ல 598 பெண்களை வெச்சு போலி மருந்தோட ஒப்பிட்டு ஒழுங்கா செஞ்சாங்க. ஆறு மாசத்துல திரும்ப இன்பெக்ஷன்னு டாக்டர் கிட்ட போனவங்க மேனோஸ் கூட்டத்துல 51 சதவீதம், போலி மருந்து கூட்டத்துல 55.7 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலா வரக்கூடியதுதான். அதனால இப்போதைக்கு டி-மேனோஸுக்கு காசு செலவு பண்ணச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வைட்டமின் சி?

தடுக்கும்ங்கறதுக்கு ஆதாரம் வலுவா இல்ல. பழத்துல வர்ற அளவு நல்லதுதான், மாத்திரையா அதிக டோஸ் எடுத்தா யூரின் ஸ்ட்ரிப் டெஸ்ட்ல நைட்ரைட் (கிருமி இருக்கறதுக்கான அடையாளம்), ரத்தம் இதெல்லாம் இருந்தும் இல்லாத மாதிரி காட்டிடலாம், டெஸ்ட் கொடுக்கும்போது சொல்லிடுங்க.

வெறும் தண்ணி குடிச்சாலே போதும்ங்கறாங்க, உண்மையா?

உண்மைக்கு ரொம்பப் பக்கம். 2018-ல வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் கம்மியா குடிச்சிட்டு அடிக்கடி இன்பெக்ஷன்ல கஷ்டப்பட்ட 140 பெண்கள், பாதிப் பேரை வழக்கமா குடிக்கறதை விட ஒன்றரை லிட்டர் கூடுதலா தண்ணி குடிக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான், வேற எதுவும் இல்ல. ஒரு வருஷத்துல அவங்களுக்கு சராசரியா 1.7 தடவை வந்துச்சு, பழையபடி குடிச்சவங்களுக்கு 3.2 தடவை. மாத்திரை, ஜூஸ் எல்லாத்துக்கும் முன்னாடி இதை ஆரம்பிங்க. ஏற்கெனவே நிறைய குடிக்கறவங்களுக்கு இன்னும் கூட்டறதால இதே பலன் வரும்னு இதுலேர்ந்து சொல்ல முடியாது. இதயம், கிட்னி பிரச்சினைக்காக தண்ணி அளவு வெச்சிருக்கறவங்க டாக்டரைக் கேக்காம கூட்டாதீங்க.

வேலை இடத்துல பாத்ரூம் சரியில்லன்னு தண்ணியே குடிக்காம, வந்த யூரினையும் அடக்கிட்டு நாள் முழுக்க இருக்கறவங்க எத்தனையோ பேர். அவங்களுக்கு கிரான்பெர்ரி மாத்திரையை விட ஒரு நல்ல பாத்ரூம்தான் அவசரமா வேணும், அதை கேட்டு வாங்கறதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

கிரான்பெர்ரி யாரெல்லாம் யோசிச்சு எடுக்கணும்?

வார்ஃபரின் எடுக்கறவங்க முதல்ல. ரத்தம் உறையாம இருக்க கொடுக்கற மருந்து அது, கிரான்பெர்ரி ஜூஸோட சேர்ந்தா அதோட வேலை அதிகமாகி ரத்தக்கசிவு வரலாம்னு பிரிட்டன்ல 2003-ல எச்சரிக்கை விட்டாங்க. பின்னாடி வந்த ஆய்வுகள்ல அவ்வளவு பெரிய பாதிப்பு தெரியல, இருந்தாலும் டாக்டர் கிட்ட சொல்லாம ஆரம்பிக்க வேண்டாம். ஆக்ஸலேட் வகை கிட்னி கல் வந்தவங்களும் கேட்டுட்டு எடுங்க. மத்தவங்களுக்கு பெருசா பக்கவிளைவு இல்ல, சில பேருக்கு வயித்துப் புரட்டல், நெஞ்செரிச்சல், பேதி வரும்.

கர்ப்பமா இருக்கேன், எடுக்கலாமா?

பழமா சாப்பிடறதுல தப்பில்ல, ஆனா மேல சொன்ன மாதிரி தடுப்புக்கு பலன் தெரியல. கர்ப்ப காலத்துல எரிச்சல் இல்லாமலே யூரின்ல கிருமி இருக்கலாம், அது கிட்னிக்கு ஏறினா அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஆபத்து, அதனாலதான் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க, கிருமி இருந்தா அறிகுறியே இல்லன்னாலும் மருந்து கொடுப்பாங்க. அந்த டெஸ்டைத் தவற விடாதீங்க.

குழந்தைங்களுக்கு?

பலன் இருக்கு. ஃபின்லாந்துல 2012-ல 263 குழந்தைங்களை வெச்சு செஞ்ச ஆய்வுல ஆறு மாசம் கிரான்பெர்ரி ஜூஸ் குடிச்ச கூட்டத்துல மொத்தம் 27 தடவை இன்பெக்ஷன், இன்னொரு கூட்டத்துல 47 தடவை. ஆனா குழந்தைக்கு எதுக்கு அடிக்கடி வருதுன்னு கண்டுபிடிக்கறது அதை விட முக்கியம். மலச்சிக்கல் இருக்கலாம், விளையாட்டு மும்முரத்துல யூரினை அடக்கறது இருக்கலாம், சில குழந்தைங்களுக்கு யூரின் கிட்னிக்குத் திரும்பி ஏறற பிரச்சினை பிறவியிலயே இருக்கும். கைக்குழந்தைக்கு காரணம் தெரியாத காய்ச்சல்னா யூரின் டெஸ்ட் எடுத்தே ஆகணும், ஜூஸ் கொடுக்கற வயசும் இல்ல அது.

பீரியட்ஸ் நின்னதுக்கு அப்புறம்தான் அதிகமா வருது, ஏன்?

ஈஸ்ட்ரோஜன் குறையறதால. பெண்ணுறுப்புல இருக்கற நல்ல லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா குறைஞ்சு ஈ.கோலைக்கு வழி கிடைக்குது. இதுக்கு பழத்தை விட நல்ல வழி இருக்கு, பெண்ணுறுப்புல வெக்கற ஈஸ்ட்ரோஜன் க்ரீம். 1993-ல 93 பெண்களை வெச்சு வந்த ஆய்வுல க்ரீம் பயன்படுத்தினவங்களுக்கு வருஷத்துக்கு சராசரி 0.5 தடவை, பயன்படுத்தாதவங்களுக்கு 5.9 தடவை. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தும் கூச்சத்தால கேக்காமலே பல வருஷம் கஷ்டப்படறவங்க இருக்காங்க, டாக்டர் கிட்ட வாய் விட்டு கேளுங்க.

தினமும் எடுக்கற தடுப்பு ஆன்டிபயாடிக்கை நிறுத்திட்டு கிரான்பெர்ரிக்கு மாறலாமா?

நீங்களா மாறாதீங்க. நேரா ஒப்பிட்டா ஆன்டிபயாடிக்தான் அதிகமா தடுக்குது. 2011-ல 221 பெண்களை வெச்சு ஒரு வருஷம் பாத்ததுல கிரான்பெர்ரி கூட்டத்துல சராசரி 4 தடவை, ஆன்டிபயாடிக் கூட்டத்துல 1.8 தடவை. ஆனா ஒரே மாசத்துல ஆன்டிபயாடிக் எடுத்தவங்க உடம்புல இருந்த ஈ.கோலைல 86 சதவீதத்துக்கு மேல அந்த மருந்துக்கே கட்டுப்படாததா மாறிடுச்சு, கிரான்பெர்ரி கூட்டத்துல அது சுமார் 24 சதவீதம்தான். எதிர்காலத்துல மருந்து வேலை செய்யாம போயிடுமோங்கற கவலை நிஜமானது, அதனாலதான் கொஞ்சம் பலன் குறைவா இருந்தாலும் கிரான்பெர்ரியை விடாம ஆராய்ச்சி பண்றாங்க. ஆன்டிபயாடிக் வேண்டாம்னு நினைக்கறவங்க மெத்தெனமின் ஹிப்யூரேட்ங்கற, ஆன்டிபயாடிக் வகை இல்லாத மருந்தைப் பத்தியும் டாக்டர் கிட்ட கேக்கலாம், 2022-ல 240 பெண்களை வெச்சு வந்த ஆய்வுல அது தினசரி ஆன்டிபயாடிக்குக்கு பெரிய அளவுல குறைவா இல்லன்னு வந்திருக்கு.

ஆண்களுக்கும் இது பொருந்துமா?

ஆய்வுகள் பெரும்பாலும் பெண்களை வெச்சுதான். ஆணுக்கு யூரின் இன்பெக்ஷன் வந்தா ப்ராஸ்டேட், கல், அடைப்புன்னு உள்ள ஏதாவது காரணம் இருக்கான்னு பாக்கணும், ஜூஸ் அப்புறம்.

எத்தனை மாசம் எடுத்துப் பாத்து முடிவு பண்றது?

ஆய்வுகள்ல ஆறு மாசம், ஒரு வருஷம்னு கொடுத்திருக்காங்க, அதனால ரெண்டு வாரத்துல தெரியலன்னு விடறதும் அர்த்தம் இல்ல, பலனே இல்லாம வருஷக் கணக்குல காசு கொட்டறதும் அர்த்தம் இல்ல. ஆரம்பிக்கறதுக்கு முந்தின ஆறு மாசத்துல கல்ச்சர்ல உறுதியானது எத்தனை தடவைன்னு எழுதி வெச்சுக்கங்க, எடுக்கற ஆறு மாசத்துல எத்தனைன்னு எழுதுங்க. நடுவுல நிறுத்தினா அந்த ஒட்ட விடாத தன்மை ஒரு நாளுக்கு மேல நிக்காது, அதனால எடுக்கற வரைக்கும் தினமும் எடுக்கணும். ஆறு மாசம் கழிச்சும் எண்ணிக்கை அப்படியே இருந்துச்சுன்னா நிறுத்திட்டு, கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு யூராலஜிஸ்ட் கிட்ட போங்க. அவங்க முதல்ல பாக்கறது ஒவ்வொரு தடவையும் அதே கிருமியா வேற வேற கிருமியாங்கறதைத்தான், அது அந்த ரிப்போர்ட்ல இருக்கும்.